செப்பியா மூழ்கடித்த ஒரே சொத்து

தாரந்தோ துறைமுகத்தில் 'செப்பியா' நீர்மூழ்கிக்குச் 'சாது' என்று பட்டப்பெயர். இங்கிலீஷ்காரனோடு போர் தொடங்கி இரண்டு வருஷமாகியும் அது ஓர் எதிரிக் கப்பலைக்கூட மூழ்கடிக்கவில்லை. ஒருமுறை குறி தவறியது. இன்னொருமுறை எஞ்சின் படுத்துக்கொண்டது. மற்றபடி ஆப்பிரிக்காவிலிருந்த படைக்குப் பெட்ரோல் டின் சுமந்தது.

அதன் சமையற்காரன் எவெலினோ மலைநாட்டுப் பிள்ளை. அனலில் வெந்துகொண்டே மக்ரோனி அவித்துப் போட்டாலும் மனசெல்லாம் கரையில், எர்சீலியாவிடம் கிடந்தது. அவள் அப்பா கட்டால்டோ சிப்பி விற்பவர். ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வரச் சொல்லியிருந்தார். அவர் மறுத்துவிட்டால், செப்பியா முங்கிய இடத்திலேயே கிடக்கட்டும் என்றிருந்தான் எவெலினோ.

சனிக்கிழமை, பழுது பார்த்த செப்பியாவை உள்கடலில் முக்கிப் பார்த்தார்கள். அது மேலே வந்தபோது கோபுரமெங்கும் சிப்பிச் சரங்கள் கல்யாண மாலைபோலத் தொங்கின.

"டேய் மலையா, கடலே உனக்குச் சீர் அனுப்பியிருக்கு! மாமனார் வீட்டுக்கு வெறுங்கையோட போயிடாத," என்றான் எஞ்சின்காரன் ருஜ்ஜேரோ.

சிப்பி கடலில் தானாக விளைகிறது என்றே எவெலினோ நம்பியிருந்தான். கயிறு எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை. காதலிப்பவன் எதைத்தான் யோசித்தான்? கொழுத்த சரம் ஒன்றை ரிப்பன் கட்டி எடுத்துப் போனான்.

கட்டால்டோ சரத்தைத் தூக்கினார். புல்கயிற்றைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது நான் போட்ட முடிச்சு."

சரத்தை மேசைமேல் போட்டார்.

"கழி நட்டு, கயிறு கட்டி, பிள்ளை மாதிரி வளர்த்தேன். நேத்து பாதி வரிசையைக் காணோம். இங்கிலீஷ்காரன் கப்பல் ஒண்ணும் ஆப்பிடலை, என் சிப்பிதான் ஆப்பிட்டுதாடா உங்களுக்கு?"

எர்சீலியா சுவரோடு சாய்ந்து விசும்பினாள். எவெலினோவின் கண்ணீர் காலரை நனைத்தது.

"மாமா, பொண்ணு தர வேண்டாம். வரிசையை மட்டும் நான் கட்டிக் குடுத்துடறேன்."

"மாமான்னும் கூப்பிடுவான், பொண்ணும் வேண்டாம்பான்! முடிச்சுப் போடத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"உன் சாதுப் பட்டாளத்தையும் கூட்டிட்டு வா."

லீவு கிடைத்தபோதெல்லாம் செப்பியாவின் ஆட்கள் படகில் உட்கார்ந்து, திட்டு வாங்கிக்கொண்டே கயிறு கட்டினார்கள். புதுச் சிப்பி பருத்த கோடையில் கல்யாணம் நடந்தது.

பிற்பாடு நாடு கட்சி மாறி இங்கிலீஷ்காரன் பக்கம் போனதும், செப்பியா அந்தப் பழைய எதிரிகளுக்கே பயிற்சிக் குறியாக ஓடி, கடைசியில் இரும்புக்கு உடைபட்டது. அன்று எவெலினோவைவிட அதிகமாக அழுதவர் கட்டால்டோ.

"நீங்க ஏன் மாமா அழறீங்க?"

"அது மூழ்கடிச்சது என் சொத்தை மட்டும்தானடா. வேற எவனுக்கு இருக்கு அழற உரிமை?"