எலிக்கு நெல்லிச் சாறு கொடுத்த காலம்

எலியை நம்பி முனைவர் பட்டம் வாங்கக் கிளம்பிய சகோதரர்களுக்குத்தான் இந்தத் தொழிலின் பாடு தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் எனக்கு இதுதான் வேலை: ஆண் எலிகளுக்குப் பூச்சிமருந்தைத் துளித்துளியாகக் கொடுத்து, விந்தணு எவ்வளவு கெடுகிறது என்று பார்ப்பது, பாதி எலிகளுக்குக் கூடவே நெல்லிச் சாறும் கொடுத்து, எவ்வளவு தப்புகிறது என்று பார்ப்பது. இப்போதும் நெல்லிக்காய் நறுக்கும் வாசம் வந்தால் அந்த அறைக்கே போய்விடுகிறேன்.

கடை எங்கே?

எனக்குப் பெண் பார்க்க நாங்குநேரிக்குப் போனோம். பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற தாசில்தார். "தம்பி என்ன வேலை பாக்கீய?" என்றார். பெண் காபித் தட்டோடு நிற்கையில் விந்தணு என்ற சொல்லை எப்படிச் சொல்வது? "எலிக்கு மருந்து கொடுக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டார்: "எலி மருந்தா? கடை எங்கன வச்சிருக்கீய?"

அண்ணாச்சியின் கேள்வி

சாறு பிழிவது எங்கள் அட்டெண்டர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. ஒருநாள் அவருக்கு மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். மருந்து மட்டும் குடித்த எலியின் அணுக்களில் பாதி அசையவில்லை. மீதி இருந்த இடத்திலேயே சுற்றின. சாறும் குடித்த எலியுடையதில் பல நன்றாக நீந்தின. மருந்து உடம்பில் செய்யும் கேட்டை நெல்லியின் சத்து ஓரளவு தடுக்கிறது என்றேன். அண்ணாச்சி கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நம்ம வயக்காட்டுல மருந்தடிக்கவனுக்கு யாரு சார் சாறு பிழிஞ்சு குடுக்கா?"

நாலாக மடித்த சீட்டு

மறுவாரம் அவரே முருகேசன் என்பவரை அழைத்து வந்தார். ஏரல் பக்கம் வாழைக்கும் நெல்லுக்கும் கூலிக்கு மருந்தடிப்பவர். கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. பழியெல்லாம் மனைவி மேல். அணுக்கள் குறைவு என்று டாக்டர் எழுதிய சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்; அவளிடம் காட்டவில்லை.

"எலிக்குக் குடுக்கதை எனக்கும் குடுங்க சார்" என்றார்.

"எலிக்கு நடந்தது மனுசனுக்கும் நடக்கும்னு என்னால சொல்ல முடியாது. நெல்லிக்காய் தின்னுங்க, தப்பில்ல. முதல்ல மருந்தடிக்கதை விடுங்க, டாக்டரை விட்டுராதீங்க" என்றேன்.

அவர் சீட்டை நீட்டினார். வெளியே நிற்கும் மனைவியிடம் நானே படித்துச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். அவள் சீட்டைப் பார்க்கவில்லை, கண் கலங்க அவரையே பார்த்தாள்: "இதை வீட்டுலயே சொல்லிருந்தா, ஒங்களைக் கடிச்சா தின்னுருப்பேன்?"

இரண்டு வருடம் கழித்து

முருகேசன் மருந்தடிப்பதை விட்டு, வாழைத்தார் சுமக்கப் போனார். வைத்தியத்தையும் விடவில்லை. பிறகு ஒருநாள் கைக்குழந்தையோடு இருவரும் வந்தார்கள். பெண் குழந்தை. நெல்லியாலா, மருந்தை விட்டதாலா, டாக்டராலா, எனக்கு இன்றுவரை தெரியாது. முருகேசனின் மனைவி எலிக்கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கேட்டாள்: "இதுவளுக்கும் குட்டி உண்டா சார்?"

ஐந்து வருடம் அத்தனை எலிகளின் ஆண்மையைக் காப்பாற்றப் பாடுபட்ட நான், ஒன்றையாவது அப்பாவாக விட்டேனா என்றால், இல்லை.