மேலதிகாரி மனம் மாறிய மூன்று இடங்கள்

அப்புத்துரையரின் வலது காலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு சற்குணம் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து முக்காலியில் பழைய ஏற்பாடு விரிந்து கிடந்தது. கை கத்தரிக்கோலில், கண் வேதத்தில். ஒரு நாளும் ரத்தம் வந்ததில்லை.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது அவள் பிழைப்பு. காலை மருந்து கொடுத்ததும் ஓர் அதிகாரம் வாசிப்பாள். பிறகு, நாடி பிடித்தவளைப் போல ஆண்டவரின் நிலையைச் சொல்லுவாள்.

"இன்னைக்குச் சரியான கோபம். மூக்குலேருந்து புகை வருது. ரெண்டு நாள் போனா தானா இரங்கிருவாரு, பாருங்க."

ஓய்வுபெற்ற தலைமைக் கிளாக்கரான அவருக்கு இது பிடிக்காது. "கடவுளுக்குக் கோபமும் இல்லை, கவலையும் இல்லை, பிள்ளை. எங்களுக்கு விளங்கவேணும் எண்டுதான் அப்பிடி எழுதினவை."

"அப்ப விளங்கிக்க வேண்டியதுதானே லா!"

அவள் குத்தியது பூமணி விஷயத்தை. தகப்பனைக் கேளாமல் கல்யாணம் செய்துகொண்டு கடலுக்கு அக்கரையிலுள்ள பிறை என்ற ஊருக்குப் போன மகள். 'என்ரை வாசல் மிதிக்கப்படாது' என்று சொல்லி இரண்டு வருடம். இப்போது அவருக்கு இதயம் பலவீனம். அதிக நாள் இல்லையென்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தையைக் காட்ட வரட்டுமா என்று மகள் மூன்று முறை எழுதிவிட்டாள்.

"நான் ஒருக்கால் சொன்னால் சொன்னதுதான்."

சற்குணம் பக்கத்தைத் திருப்பினாள். "நினிவே ஊரை நாப்பது நாள்ல அழிக்கிறேன்னாரு. ஊரே அழுததும் விட்டுட்டாரு."

"அது ஒருக்கால்."

"கன்னுக்குட்டி செஞ்சு கும்பிட்டவங்களையும் அழிக்கிறேன்னாரு. மோசே மல்லுக்கு நின்னதும் விட்டுட்டாரு. சவுலை ராஜாவாக்கினதுக்கு அவரே வருத்தப்பட்டாரு. இன்னும் வேணுமா ஐயா?"

அப்புத்துரையர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, மூன்று இடங்களையும் தாமே வாசித்தார். முப்பது வருட உத்தியோகத்தில், மேலிடத்து முன்மாதிரி இல்லாமல் ஒரு காகிதத்தையும் நகர்த்தாதவர்.

"மேலதிகாரியே உத்தரவை மாத்தியிருக்கிறார்," என்றார் கடைசியில். "அப்ப கீழே உள்ளவன் மாத்தினால் பிழையில்லை. வரச்சொல்லி ஒரு கடிதம் எழுது, பிள்ளை."

எழுதி முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. தபாலில் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, முதல் படகில் வந்திறங்கிய பூமணி குழந்தையோடு வாசலில் நின்றாள். அப்புத்துரையர் அவளைப் பார்த்தார். மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார்.

"இவளை ஆர் வரச்சொன்னது? எப்ப?"

போன வாரமே பூமணிக்கு எழுதிப் போட்டிருந்த சற்குணம் குழந்தையை வாங்கி அவர் மடியில் கிடத்தி, அவருடைய கையை எடுத்து அதன் கழுத்துக்கடியில் முட்டுக் கொடுத்தாள்.