நீலம் வராத தாள்

நீலமாக வேண்டிய ஒரு சின்னத் தாள் வெள்ளையாகவே கிடந்த அந்த மதியத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. காரைக்காலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் உதவியாளர். அங்கே ஆராய்ச்சி செய்த மேடம், உணவில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்தைக் கண்டுபிடிக்கும் பயோசென்சார் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். பெயர்தான் பெரிது, பார்க்க நகம் அளவு தாள். அதில் ஓர் என்சைம் தடவியிருக்கும். உணவை ஊறவைத்த தண்ணீரை அதன்மேல் ஒரு சொட்டு விட்டு, பிறகு இன்னொரு திரவத்தை விட்டால் தாள் நீலமாகும். மருந்து இருந்தால் என்சைம் செயலிழந்து வெள்ளையாகவே நிற்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே படாத கருவாடு வேண்டும் என்றார் மேடம். யோசிக்காமல் என் அண்ணி கொடுத்ததை எடுத்துப் போனேன். காரைக்கால்மேட்டில் அண்ணி கருவாடு போட்டு விற்பவர். எங்கள் வீடுகளில் மீனைக் காயப்போடும்போதே வீட்டுப் பங்கைத் தனியாக எடுத்து வேறு வலையில் பரப்பிவிடுவோம். அதைவிடச் சுத்தமானது எது? அண்ணி வெகுகாலம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தார். சோற்றைக் கண்டாலே குமட்டும். அந்தக் கருவாட்டைச் சுட்டுக் கொடுத்தால் மட்டும் நாலு வாய் இறங்கும். இறங்குகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

தாள் நிறம் மாறாததைப் பார்த்தும் மேடம் பதறவில்லை. "உப்பா இருக்கும்மா. உப்பு கூடுனாலும் என்சைம் வேல செய்யாது. கழுவிட்டு மறுபடி பாப்போம்." நான் அந்த உப்பைப் பிடித்துக்கொண்டேன். அம்பகரத்தூர் அம்மனிடம் உப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கழுவினேன். பக்கத்தில் இன்னொரு தாளில் வெறும் உப்புத் தண்ணீரையும் விட்டோம். உப்புத் தண்ணீர் விட்டது நீலமானது. கருவாட்டுத் தாள் அசையவில்லை. "யாரு குடுத்தது இது?" என்றார் மேடம்.

சாயங்காலம் நான் போனபோது அண்ணி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். "ஈ மொச்சா புழு வச்சுரும் பாப்பா. மழ மூட்டம் வேற. வயலுக்கு அடிக்கிற மருந்துல கொஞ்சம் தண்ணில கலந்து தெளிச்சேன். விக்கிறதுலதான். வீட்டுப் பங்குல ஒரு சொட்டு படல." எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார்.

"எதுல கலந்தீங்க அண்ணி?"

மீனுக்கு உப்புப் போடுகிற தொட்டியைக் காட்டினார். வீட்டுப் பங்கும் அதில் ஊறித்தான் வலைக்குப் போகும். காட்டிய கை பாதியில் நின்று வயிற்றுக்குப் போனது. "அப்ப நான் தின்னது?" என்றார். பிறகு, "வாங்கிட்டுப் போனவங்க?" என்றார். மிச்சமிருந்த கருவாட்டை நாய்கூடத் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்தோம்.

ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். பயம் போகவில்லை. பிரசவம் வரை அண்ணியின் ஒவ்வொரு தலைச்சுற்றலுக்கும் நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெண் குழந்தை, நன்றாக அழுதுகொண்டே பிறந்தாள். இப்போது மீன் கொசுவலைக்குள் காய்கிறது. விற்கிற பங்கிலும் தாள் வைத்துப் பார்க்காமல் அண்ணி ஒரு துண்டுகூட வெளியே அனுப்புவதில்லை.

குழந்தைக்கு மூன்று வயது ஆகப்போகிறது. ஓடுகிறாள், சிரிக்கிறாள். இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. சில பிள்ளைகள் தாமதமாகப் பேசும் என்கிறார் டாக்டர். அந்த மருந்தால்தான் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்கிறார் மேடம்.

போன வாரம் புதுக் கருவாட்டுக்குத் தாளை வைத்துச் சொட்டு விட்டேன். மடியில் இருந்த மகளின் விரலை அண்ணி மெதுவாகப் பிடித்தார். "இவளுக்கு இதுல பாக்க முடியாதா பாப்பா?"

தாளில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.