மூன்று கதவு அலுமாரி

உண்மையாக அலுமாரி வாங்க வருகிறவர் கதவைத் திறந்து பார்ப்பார், லாச்சியை இழுத்துப் பார்ப்பார். சும்மா வருகிறவர் பலகையைத் தடவிவிட்டுப் போவார். திருகோணமலையில் இருபது வருடமாகத் தளபாடக் கடை வைத்திருக்கும் குலசிங்கம் கண்டது இது. அன்று கடைக்கு வந்த டிலக்சன் இரண்டையும் செய்யவில்லை.

"மூண்டு கதவு தேக்கு அலுமாரி ஒண்டு, அண்ணை. வெள்ளிக்கிழமை வீட்டை இறக்கிவிடுங்கோ."

பேரம்கூடப் பேசாமல் போய்விட்டான்.

திங்கட்கிழமை நகரசபையில் தவிசாளர் தெரிவு. போட்டியிடும் சுலோஜனா, டிலக்சனின் அக்கா. இரண்டு பக்கமும் சமமாக நிற்க, சுயேச்சையாக வென்ற குலசிங்கத்தின் வாக்குத்தான் மிச்சம். செத்தவீடுகளுக்குக் கூலி வாங்காமல் கதிரை கொடுக்கிற மனிசன் என்றுதான் சனம் அவரைத் தெரிவுசெய்தது. அந்தப் பெயர் போனால் சபையில் அவருக்கு வேறு முதல் இல்லை.

ஆனால் சுலோஜனாவுக்கே போடுவதென்று அவர் முன்பே நினைத்திருந்தார். ஒழுங்கைகளில் நிற்கும் மழைவெள்ளத்தைப் பற்றி ஒழுங்காகக் கதைத்தவள் அவள் ஒருத்திதான்.

"அவன் திறந்தே பாக்கேல்லை" என்றார் மனைவி புஷ்பவதியிடம்.

"அப்ப குடுக்காதேங்கோ."

"குடுக்காட்டி, மற்றப் பக்கம் சாஞ்சிட்டன் எண்டு கதைப்பினம்."

"அப்ப குடுங்கோ."

"குடுத்தா, என்னை வாங்கிட்டினம் எண்டு கதைப்பினம்."

"இஞ்சேருங்கோ, நீங்கள் யாவாரியோ மெம்பரோ?"

அதுதான் அவருக்கும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை லொறியோடு அவரே போனார். எப்படித் திருப்பியும் அலுமாரி வாசலுக்குள் கொள்ளவில்லை. வாசலையும் அளக்காமல் வாங்கியிருக்கிறான்! சந்தேகம் உறுதியான நேரம், டிலக்சனின் மனைவி லக்சாயினி ஓடிவந்து மூன்று கதவுகளையும் திறந்தாள்.

"ரெண்டு வருசமா இவரை அரிச்சனான், அண்ணை! உடுப்பெல்லாம் பெட்டியளுக்கை கிடக்கு. அளக்கேல்லையோ? இவர் செருப்பையும் போட்டுப் பாக்காம வாங்கிற ஆள்."

டிலக்சன் அசடு வழிந்தான். "திங்கக்கிழமை மறந்திடாதேங்கோ, அண்ணை."

அலுமாரி விறாந்தையிலேயே நின்றது. குலசிங்கம் முன்னிலும் குழம்பி வீடு திரும்பினார்.

திங்கட்கிழமை பெயர் கூப்பிட்டதும் எழுந்தார்.

"சுலோஜனாவின்ர தம்பிக்கு அலுமாரி ஒண்டு வித்தனான். வாசலுக்குள்ள போகேல்லை, விறாந்தையில நிக்குது. ஆரும் போய்ப் பாக்கலாம். அதுக்கு முதலே நினைச்சதுதான், என்ர வாக்கு சுலோஜனாவுக்கு."

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"மெம்பர், அது நல்ல தேக்கோ?"

சிரிப்பு அடங்குமுன், "ஓம், நல்ல தேக்கு" என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னோமா, கடைக்கு விளம்பரம் செய்தோமா என்று தெரியாமல் உட்கார்ந்தார்.