முப்பது எண்ணும்வரை

இது நடந்தது. நம்பச் சொல்லி வீரம்மா யாரையும் வற்புறுத்துவதில்லை. ஆனால் திகதி கேட்டால் சொல்வாள், நேரம் கேட்டாலும் சொல்வாள். எல்லாத் திகதிகளும் அவள் கையாலேயே எழுதப்பட்டவை. கிளினிக் கோப்பில் இன்றும் இருக்கின்றன.

2024 ஒக்டோபர். கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வழியில், கெட்டம்பே மேட்டில் ஒரு மேல்மாடி. இரண்டே அறை. வீரம்மாவும் அவள் கணவர் காளிமுத்துவும் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். காளிமுத்து ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் கையாளாக இருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன் லொறி பள்ளத்தில் உருண்டது. முதுகெலும்பு நொறுங்கி, கால்கள் இரண்டும் செயலிழந்தன. கைகள் நெஞ்சு மட்டத்துக்கு மேல் எழும்பாது. வலி மட்டும் குறையில்லாமல் தங்கிவிட்டது.

"இடுப்புக்குள்ள யாரோ அடுப்பப் பத்தவச்சிட்டு அணைக்காமப் போயிட்டாங்க" என்பார்.

மாத்திரை அவர் வயிற்றில் தங்கவில்லை. விழுங்கிய பத்தாவது நிமிடம் வாந்தி. ஆகவே ஆஸ்பத்திரியின் வலி கிளினிக்கில் பிளாஸ்டர் கொடுத்தார்கள்.

அந்தப் பிளாஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தெரிந்தால்தான் பின்னால் நடந்தது எவ்வளவு கோணலானது என்று விளங்கும்.

தீப்பெட்டி அளவில், அடியிலுள்ள தோல் தெரிகிற மெல்லிய சதுரம் அது. அபின் குடும்பத்து மருந்தொன்று அதன் பசையிலேயே கலந்திருக்கிறது. ஒட்டியவுடன் மருந்து இரத்தத்துக்குப் போய்விடாது. முதலில் தோலிலும் அதன் அடிக் கொழுப்பிலும் சேரும், தண்ணீர்த் தாங்கி நிரம்புவதைப் போல. அந்தத் தாங்கியிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் இறங்கும். எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பிளாஸ்டர். இடையில் உரித்தாலும் தாங்கியில் மிச்சம் இருக்கும். பழைய வலி முழுதாகத் திரும்ப ஏறக்குறைய ஒரு நாளாகும்.

ஒட்டுவதற்கும் முறை உண்டு. திகதியையும் நேரத்தையும் முதலில் எழுதிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் பேனாவால் அழுத்தினால் கிழிந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டியதும் உள்ளங்கையை மேலே வைத்து, முப்பது எண்ணும்வரை அழுத்த வேண்டும். கைச் சூட்டில்தான் பசை நன்றாகப் பிடிக்கும். காளிமுத்து தூக்கத்தில் பிய்த்துவிடாதபடி, அவருடைய தோள்பட்டைகளுக்கு நடுவில் இடம் மாற்றி மாற்றி வீரம்மா ஒட்டுவாள். அவள் அழுத்துவாள். அவர் சத்தமாக எண்ணுவார்.

கிளினிக்கில் இன்னொரு விதியும் இருந்தது. கழற்றிய பிளாஸ்டரை மடித்து, மஞ்சள் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பழையது வராவிட்டால் புதியது கிடைக்காது.

ஒக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. பின்னேரம் 4 மணி. மாற்றும் நேரம். காளிமுத்துவைப் பக்கவாட்டில் புரட்டி, சட்டையைத் தூக்கினாள்.

முதுகில் ஒன்றுமில்லை. ஐந்தாம் திகதி ஒட்டியதன் சிவந்த சதுரத் தடம் மட்டும் இருந்தது.

"நேத்தே எரியுதுன்னு சொன்னேன்ல" என்றார் காளிமுத்து.

"நீங்க என்னைக்கு எரியலன்னு சொன்னீங்க?"

படுக்கையை உதறினாள். தலையணை உறையைப் புரட்டினாள். கட்டிலுக்கடியில் விளக்குமாற்றை விட்டுப் பார்த்தாள். இல்லை. வியர்வையில் கழன்று, குப்பையோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் திகதி ஒட்டியது ஒழுங்காக இருந்தது. பதினோராம் திகதி ஒட்டியதைப் பதினான்காம் திகதி காணவில்லை.

மறுநாள் கிளினிக். தாதி நிலூஷா மஞ்சள் உறையை மேசையில் கொட்டி எண்ணினாள்.

"அஞ்சு இருக்கணும் அக்கா. மூணுதான் இருக்கு."

"தேடாத எடமில்ல மிஸி."

"நான் உங்களச் சொல்லல. ஆனா இத வெளியில விக்கிற ஆக்களும் இருக்காங்க. இந்தத் தடவ தர்றேன். இனி ஒண்ணு கொறஞ்சாலும் டொக்டர் நிப்பாட்டிருவாரு."

நிறுத்தினால் மாத்திரைதான். மாத்திரை என்றால் வாந்தி. காளிமுத்து சுவரில் தலையை இடித்து இடித்து அழுத அந்த முதல் வருடம் வீரம்மாவுக்கு மறக்கவில்லை. "மண்ணெண்ணெயாச்சும் தந்துரு" என்று அவர் கெஞ்சியதும் மறக்கவில்லை.

அவள் காலை ஐந்து மணிக்குப் போய்விடுவாள். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக்கு மாவு பிசைகிற வேலை. திரும்ப இரண்டு மணியாகும். அதுவரை சாவி கீழ்வீட்டு றலியாவிடம் இருக்கும். வீட்டுக்குச் சொந்தக்காரி அவள்தான். பத்து மணிக்குக் காளிமுத்துவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பவளும் அவள்தான்.

"ராத்தா, மேல வேற யாராச்சும் வந்தாங்களா?"

றலியாவுக்கு முகம் மாறியது. "என்னத்துக்கு புள்ள கேக்கிறீங்க? சாவி என்ட இடுப்புலதான் ஈக்கி. மனுசன்ட முதுகுல ஈக்கிறதக் களவெடுத்து நான் என்ன செய்ய?"

வீரம்மா வெட்கத்தோடு படியேறினாள். பிறகு காளிமுத்துவையே கேட்டாள்.

"நீங்க எங்கயாச்சும் ஒளிச்சு வைக்கிறீங்களா?"

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு, "என் கை மூக்கச் சொறியவே எட்டாது. முதுகுக்கு எட்டுமா?" என்றார்.

இதற்கிடையில் வீரம்மாவிடமும் சின்னச் சின்ன மாற்றங்கள். பஸ்ஸில் கண் சொருகியது. இரண்டு முறை கெட்டம்பேயில் இறங்காமல் பேராதனைக்குப் போய்விட்டாள். மூக்கு நுனி ஓயாமல் அரித்தது. வயிறு இறுகிக்கொண்டது. செப்டம்பர் முழுக்க அவளை வாட்டிய முதுகுப் பிடிப்பு மட்டும் எங்கே போனதென்றே தெரியவில்லை. மாவு பிசைந்து பிசைந்து உடம்பு பழகிவிட்டது என்று கடையில் பெருமையாகச் சொன்னாள்.

"நீ விடுற கொறட்டையில நம்ம லொறிதான் திரும்பி வருதுன்னு நெனச்சேன்" என்று காளிமுத்து கிண்டல் செய்தார்.

ஒக்டோபர் 17, வியாழன், 4 மணி. புதிய பிளாஸ்டரை ஒட்டி, அதன் நான்கு ஓரங்களையும் வெள்ளை டேப்பால் அடைத்தாள். இப்படிச் செய்யலாம் என்று நிலூஷாவே சொல்லியிருந்தாள்: ஓரத்தில் மட்டும், மேலே முழுவதும் மூடக் கூடாது. இனி டேப்பைப் பிய்க்காமல் பிளாஸ்டரை எடுக்க முடியாது. வீரம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

19, சனி. பிற்பகல் 2.20. வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. காளிமுத்து தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

சட்டையைத் தூக்கினாள்.

டேப் இருந்தது. நான்கு பக்கமும் அப்படியே இருந்தது. ஒரு மூலைகூடக் கிளம்பவில்லை.

நடுவில்... வெறும் தோல்.

சட்டத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்ததுபோல.

அவள் டேப்பின் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தாள். ஆனாலும் அவர் அழுகிறார். இன்னொன்றை எடுத்து, 19, 2.35 என்று எழுதி ஒட்டினாள். டேப் போட்டாள். புதியவற்றில் மிச்சம் மூன்று. அடுத்த கிளினிக் 29ஆம் திகதி. அங்கே போய் என்ன சொல்வது?

20, ஞாயிறு. வேலையில்லாத நாள். காவல் இருப்பதென்று முடிவு செய்தாள். கதவை உள்ளே தாழ்போட்டாள். யன்னல்களையும் பூட்டினாள். காளிமுத்துவைச் சுவர்ப் பக்கம் பார்க்கப் புரட்டிப் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றினாள். கதிரையை எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்றடி தூரத்தில் அவர் முதுகு. வெள்ளை டேப்புக்குள் பிளாஸ்டர். 19 என்ற எழுத்து நன்றாகத் தெரிந்தது.

3.05. மழை பிடித்தது.

3.20. கரண்ட் போனது. ஆனால் பகல்தான். யன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது.

3.40. காளிமுத்து தூங்கிவிட்டார். மூச்சு சீராக வந்தது. பிளாஸ்டர் இருந்தது.

3.51. ஒரு சத்தம். சர்ர்... பசைத் தாளை மெதுவாக உரிக்கிற சத்தம்.

அவள் அசையவில்லை. கண்ணை எடுக்கவில்லை. பிளாஸ்டர் இருந்தது.

மூக்கு அரித்தது. சொறியவில்லை.

3.52. ஒருமுறை இமைத்தாள்.

டேப் இருந்தது.

பிளாஸ்டர் இல்லை.

எழும்பப் பார்த்தாள். முடியவில்லை.

அவள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில்... எதுவோ இருந்தது.

தட்டையாக. சூடாக.

ஒரு உள்ளங்கை.

அது அழுத்தியது. முரட்டுத்தனமில்லை. பக்குவமாக, பழகிய கை அழுத்துவதுபோல.

கட்டிலில் காளிமுத்துவின் குரல் கேட்டது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அவர் தூக்கத்தில் இருந்தார்.

"பதினொண்ணு... பன்னெண்டு..."

கத்த நினைத்தாள். வாய் திறக்கவில்லை.

"இருவத்தெட்டு..."

"இருவத்தொம்பது..."

"முப்பது."

கை எடுபட்டது.

வீரம்மா திரும்பிப் பார்த்தாள். சுவர். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர்.

தாழ்ப்பாளை எப்படித் திறந்தாள், படியில் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. றலியா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா. என் முதுகப் பாருங்க."

"என்ன புள்ள, நனஞ்சி போய்..."

"பாருங்க ராத்தா."

றலியா கையைத் துடைத்துவிட்டு, அவள் சட்டையைப் பின்னால் தூக்கினாள்.

"இதென்ன புள்ள..." என்றாள் மெதுவாக. "நாலு ஈக்கி."

தோள்பட்டைகளுக்கு நடுவில் நான்கு பிளாஸ்டர்கள். ஒன்றன் மேல் ஒன்று படாமல், விரலளவு இடைவெளி விட்டு. 5, 11, 17, 19. நான்கிலும் வீரம்மாவின் கையெழுத்து.

ஒன்றாகப் படுத்தால் ஒருவருடைய பிளாஸ்டர் மற்றவர் உடம்பில் ஒட்டிக்கொள்வது உண்டு. அதைப்பற்றிக் கிளினிக்கில் எச்சரிப்பார்கள். ஆனால் மூன்று வருடமாக அவர் கட்டிலில், அவள் அடுத்த அறையில் பாயில். அதோடு, உரித்து மறுபடி ஒட்டுகிற பிளாஸ்டர் சரியாகப் பிடிக்காது, ஓரம் சுருண்டுவிடும். இவை நான்கும் மூலைக்கு மூலை புதிதாக ஒட்டியவைபோலப் பிடித்திருந்தன.

றலியாவின் புருசன் ஜமால்தீன் காளிமுத்துவோடு தங்கினார். றலியா வீரம்மாவை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பிளாஸ்டர்களைக் கழற்றிய பிறகும் வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். தாங்கியில் மிச்சம் இருக்குமே. மூச்சு மந்தமாகிறதா என்று மணிக்கொரு தடவை பார்த்தார்கள்.

மறுநாள் நிலூஷா வந்தாள். நான்கு பிளாஸ்டர்களையும் பார்த்தாள். எண்ணிக்கை சரியாகிவிட்டது. காளிமுத்துவின் மருந்தை நிறுத்த மாட்டார்கள்.

"ஆனா அக்கா, எனக்கு ஒண்ணு வெளங்கல. பழக்கமில்லாத ஒடம்புக்கு இதுல ஒண்ணே ஆபத்து. நீங்க வேலைக்கும் போயிருக்கீங்க."



22ஆம் திகதி காலை, 6.10. தாங்கி வற்றியிருக்க வேண்டும். வீரம்மா கத்திய கத்தலில் வார்ட்டே எழும்பியது. தோள்பட்டைகளுக்கு நடுவில் யாரோ கடப்பாரையை இறக்குவதுபோல. அவளால் உட்கார முடியவில்லை. படுக்கவும் முடியவில்லை.

எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எவ்வளவு நாளா வலி அம்மா?"

"இன்னைக்குக் காலையிலதான் சார்."

"இருக்காதும்மா." அவர் விரலால் காட்டினார். முதுகெலும்பில் ஒரு எலும்பு பாதிக்கு மேல் அரிக்கப்பட்டிருந்தது. வேறெங்கோ தொடங்கிய புற்றுநோய் அங்கே வந்து இறங்கியிருந்தது. "இது ரெண்டு மூணு மாசத்து வேல. இத வச்சுக்கிட்டு மருந்தில்லாம ஒரு ராத்திரிகூடத் தூங்கியிருக்க முடியாது."

நான்கு பிளாஸ்டர்களும் ஒட்டியிருந்தது அந்த எலும்புக்கு நேர் மேலே.

பத்து நாள் கழித்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அவள் பெயரிலும் ஒரு மஞ்சள் உறை. நிலூஷா விதிகளைச் சொல்லத் தொடங்கினாள். எல்லாம் வீரம்மாவுக்குத் தெரிந்தவைதான். கடைசியில் மட்டும் நிலூஷா பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"முதுகுல நீங்களே ஒட்ட முடியாது அக்கா. அவருக்கும் கை எழும்பாது. ஒட்டிவிட வீட்டுல யாராச்சும் இருக்காங்களா?"

வீரம்மா தன் முதுகுக்குப் பின்னாலிருந்த வெறும் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இருக்காங்க மிஸி" என்றாள்.