உள்வேலியை விட்டுக் கொடுத்தவர்

குதிரையை எப்படி ஓட்ட வேண்டும் என்று விளக்கி நான் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். குதிரை மேல் நான் ஏறியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. கோலார் தங்கவயலில், மாதா கோவில் திருவிழாவில், ராட்டினத்து மரக்குதிரை. இரண்டாவது சுற்று முடிவதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். எனக்காக ராட்டினத்தையே நிறுத்தினார்கள். அந்த அனுபவத்தின் பலத்தில்தான், இருபது வருஷமாகக் குதிரை ஓட்டுகிற ஒருவர் வளைவில் எப்படித் திரும்பியிருக்க வேண்டும் என்று காம்பஸ் வைத்துப் படம் போட்டுக் காட்டினேன். கடிதத்தை அவருக்கு அனுப்பவில்லை. அவரைத் தண்டிக்கக் கூடியவர்களுக்கு அனுப்பினேன்.

வார நாட்களில் நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளன். லேத்திலிருந்து வரும் தண்டுகளை அளந்து, தட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ளுவது என் வேலை. மிச்ச நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். அவற்றைத் தொகுத்து வந்த இரண்டு புத்தகங்களும் ஒக்கலிபுரத்து வீட்டில், என் கட்டிலுக்கு அடியில், கட்டுப் பிரிக்காமல் நலமாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் கோர்ஸ்.

நான் பணத்துக்காகக் கட்டுகிறவன் இல்லை. இதை எல்லாச் சூதாடிகளும் சொல்வார்கள் என்று தெரியும். ஆனால் நான் கட்டும் தொகையைப் பார்த்தால் நம்புவீர்கள். கவுண்டரில் இருப்பவர் கொட்டாவி விட்டுக்கொண்டே வாங்கிக்கொள்வார். என் கணக்கு சரி என்று நிரூபிக்கத்தான் கட்டினேன். பணத்தாசையைவிட இது கேவலமானது என்று பிறகு தெரிந்தது.

என் கணக்கு 'டிரா'வைப் பற்றியது. டிரா என்பது சீட்டுக் குலுக்கல்தான். எந்தக் குதிரை எந்தக் கதவிலிருந்து புறப்படும் என்பதை அது முடிவு செய்கிறது. ஒன்றாம் கதவு உள்வேலியை ஒட்டியது. எண் கூடக் கூட வேலியை விட்டு விலகிப் போக வேண்டும். நேராக ஓடும்வரை இதில் பெரிய வித்தியாசம் இல்லை. வளைவு வந்தால்தான் தெரியும். வேலியை ஒட்டித் திரும்புகிற குதிரைக்குப் பாதை குறைவு. வெளியே திரும்புகிற குதிரை, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குள் புகுந்து போகத் தெரியாமல் வெளியே சுற்றிக்கொண்டு போகிற ஆளைப் போல. அதற்காக ஒன்றாம் கதவு சொர்க்கவாசல் இல்லை. முன்னால் ஒருவன், பக்கத்தில் ஒருவன் வந்து அடைத்துக்கொண்டால், குதிரையிடம் எவ்வளவு ஓட்டம் மிச்சமிருந்தாலும் சிவாஜிநகர்ச் சந்தில் மாட்டிய ஆட்டோதான். எப்போது முந்துவது, எப்போது பொறுப்பது, எந்த இடுக்கு திறக்கும் என்று எடைபோடுவதற்குத்தான் ஜாக்கி.

இதெல்லாம் நான் புத்தகங்களில் படித்தது. சமதரையில் குதிரை ஓடும் ஊர்க்காரர்கள் எழுதிய புத்தகங்கள். எங்கள் மைதானத்தில் கடைசி வளைவு இறக்கத்தில் வருகிறது. அதை நான் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன், கணக்கில் சேர்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கரும்பழுப்புப் பெண் குதிரைக்கு ஒன்றாம் கதவு விழுந்திருந்தது. அதன் மேல்தான் கட்டியிருந்தேன். அதைக் கவனித்துக்கொள்ளும் சைஸ், அதாவது குளிப்பாட்டி, தீனி போட்டு, கையில் பிடித்து நடத்திக்கொண்டு வருகிறவன், எனக்குப் பழக்கம். அவனும் தங்கவயல்காரன். என் அப்பாவும் அவன் அப்பாவும் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். ரேஸ் கோர்ஸுக்கு வெளியே டீக்கடையில் என் பேச்சை வைத்தே ஊரைக் கண்டுபிடித்தவன். துப்பு மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கு ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும்போது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாண்ணா, புக்கை மொகத்துக்கு நேரா புட்ச்சிகினு கீற? குதிரை இந்தாண்ட கீது."

நான் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டு மறுபடியும் ரேஸ் புத்தகத்துக்குள் போனேன்.

கதவுகள் திறந்தன. ஒன்றாம் கதவிலிருந்து குதிரை அழகாக வெளிப்பட்டது. மேலே இருந்த ஜாக்கி நாற்பதை நெருங்குகிறவர், சிவாஜிநகர்க்காரர், அவசரப்படாத ஆள் என்று பெயர். அவர் செய்ததை என்னால் நம்ப முடியவில்லை. மூன்று குதிரைகளை முன்னால் போகவிட்டார். இறக்கம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வேலியை விட்டு மெதுவாக வெளியே நகர்ந்தார். குலுக்கலில் கிடைத்த சொத்தை அப்படியே அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்தார். வளைவை அகலமாகச் சுற்றி, நேர்ப் பாதைக்கு வந்த பிறகுதான் குதிரையை நீட்டி ஓடவிட்டார். ஒரு கழுத்து வித்தியாசத்தில் இரண்டாவது.

மறுநாள் மெட்ரோவில் பீன்யா போகும்போதும் வரும்போதும் அந்த ஓட்டத்தை ஃபோனில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, தோற்ற பணம் மறந்து நீதி உணர்ச்சி வளர்ந்தது. ராத்திரி உட்கார்ந்து, வெளியே சுற்றியதால் எத்தனை குதிரை நீளம் வீணானது என்று கணக்குப் போட்டேன். 'இந்த ஜாக்கி ஜெயிப்பதற்குப் போதிய முயற்சி செய்யவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி, அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"எந்தப் பத்திரிகைக்குங்க?"

"பத்திரிகைக்கு இல்லை. புகார்க் கடிதம்."

"அய்யோ, நான் ரெண்டு இடத்துல சிரிச்சேனே" என்றாள். "ஆனா நீங்க எழுதினதுல இதுதான் நல்லா இருக்கு."

செவ்வாய்க்கிழமை ரேஸ் கோர்ஸ் ஆபீஸுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் போட்டேன். அடுத்த வார இறுதியில் ரேஸ் கோர்ஸ் பலகையில் அறிவிப்பு: அந்த ஜாக்கி, ஜெயிப்பதற்குப் போதிய முயற்சி செய்யாததால், சீசன் முடியும்வரை குதிரை ஏறக் கூடாது. என் வாக்கியம்! ஒரு சொல் மாறாமல்! நகைச்சுவை எழுதி யாரையும் திருத்த முடியாது என்று நொந்துபோயிருந்த எனக்கு, என் எழுத்து கடைசியில் ஒரு மனிதனைக் கீழே இறக்கிவிட்டது என்பதில் எவ்வளவு சந்தோஷம் என்று இப்போது எழுதக் கூசுகிறது. அறிவிப்பை ஃபோட்டோ எடுத்தேன். எடுத்ததை இரண்டு நண்பர்களுக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து அதே குதிரை மறுபடியும் ஓடியது. இந்தத் தடவை மூன்றாம் கதவு. மேலே வெளியூரிலிருந்து வந்த ஒரு ஜாக்கி. புறப்பட்ட உடனே இரண்டு குதிரைகளைத் தாண்டி வேலியைப் பிடித்தார். இறக்கத்தில் வேலியை விட்டு ஒரு சாண் விலகவில்லை. நான் வரைந்த படத்தின் மேலேயே ஓடிய மாதிரி இருந்தது. மூன்று நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் தோளைப் பிடித்து உலுக்கி, "வளைவு சார், வளைவு!" என்று கத்தினேன். அவர் தோற்றவர் போலிருக்கிறது. என் கையை எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

பணம் வாங்க வரிசையில் நின்றபோது மைதானத்தில் ஒரு வண்டி போவதைப் பார்த்தேன். குதிரைகளை ஏற்றும் வண்டி. அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை. எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு டீக்கடைக்கு வந்தால் சைஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் வெறும் கடிவாளக் கயிறு.

"ஜெயிச்சிட்டோம்ப்பா!" என்றேன்.

"யாருண்ணா ஜெயிச்சது?"

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான். கோட்டைத் தாண்டி நாலு அடி போனதும் குதிரை வலது முன்னங்காலைத் தரையில் வைக்கவில்லை. நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். இனி ஓடாது.

"அந்தக் காலு போன சீசன்லேர்ந்தே அப்டித்தாண்ணா. நேரா ஓடுனா ஒண்ணும் இல்ல. எறக்கத்துல வேலி ஓரமா சாச்சித் திருப்புனா மொத்த வெயிட்டும் அது மேல வரும், தாங்காது. பெரியவருக்கு, அதான் அந்தப் பழைய ஜாக்கிக்கு, தெரியும். அதான் எந்தக் கதவு வுழுந்தாலும் வெளியவே இட்டுனு போவாரு. இன்னிக்கி இல்லன்னா அடுத்த வாரம் ஜெயிக்கட்டும், நம்ம பொண்ணு லாயத்துக்கு நடந்து வரணும்னுவாரு."

"அதை விசாரணையில் சொல்லியிருக்கலாமே?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "சொன்னா, காலு சரியில்லாத குதிரைய ஏன்டா ஓட வுட்டீங்கன்னு டிரெய்னரைப் புடிப்பாங்க. லாயத்தை மூடுவாங்க. நாங்க எத்தினி பேரு கீறோம்? 'நான்தான் தப்பா நெனச்சிட்டேன் சாப்'னு சொல்ட்டு வந்துட்டாரு மனுசன்."

பீன்யாவில் ஒரு தண்டைக் கையில் எடுத்தால் தட்டிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டேன். அந்தக் குதிரை என் கண் முன்னால் மூன்று தடவை வட்டமாக நடந்து காட்டியது. நான் புத்தகத்தில் டிரா எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வேலியை ஒட்டிப் போனால் ஜெயிக்கும் என்று எனக்குத் தெரிந்தது பெரியவருக்கும் தெரிந்திருக்கிறது. என் கணக்கில் தப்பே இல்லை.

குதிரையைப் பத்து நாளில் ஒரு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். எங்கே என்று சைஸிடம் கேட்டேன். "பண்ணைக்குன்னு சொன்னாங்க" என்றான். "எந்தப் பண்ணைன்னு நான் கேக்கல. நீயும் கேக்காத."

அடுத்த சீசன் தொடங்கியது. தடை முடிந்தும் அந்த ஜாக்கியின் பெயரை ரேஸ் புத்தகத்தில் காணவில்லை. முயற்சி செய்யாதவர் என்று பலகையில் பெயர் ஏறியவரை எந்த முதலாளி கூப்பிடுவான்? காலையில் குதிரைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க மட்டும் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். நான் கட்டுவதை நிறுத்தியிருந்தேன். ஆனால் அந்த மனிதரிடம் சொல்லாமல் இருந்தால் தூக்கம் வராது என்ற நிலைக்கு வந்திருந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும், எடை குறைந்த ஆள்தானே என்றும் நினைத்தேன்.

ஒரு நாள் விடிந்ததும் டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் ஸ்வெட்டரும் மப்ளருமாக, பள்ளிக்கூடப் பையன் உயரத்தில் உட்கார்ந்து, சர்க்கரை இல்லாத பிளாக் டீயை அரை கிளாஸ் வாங்கி ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சைஸ், அவனுக்கு முழு கிளாஸ், கூடவே பன். என்னை அவரிடம் "நம்ம ஊர் அண்ணா, எழுதறவரு" என்று அறிமுகப்படுத்தினான்.

"ஆமாம்" என்றேன். "உங்களைப் பற்றிப் புகார்க் கடிதம் எழுதினது நான்தான்."

சைஸ் பன்னை மெல்வதை நிறுத்தினான். ஜாக்கி நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த லெட்டர் சாப்?"

சொன்னேன். மூன்று பக்கம், படம், காம்பஸ், அடிக்கோடு. பொறுமையாகக் கேட்டார். "என்னிக்குப் போட்டீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலமே முடிஞ்சு போச்சே. டிரெஸ் மாத்தக்கூட விடல, நேரா கூப்ட்டு வீடியோ போட்டுக் காட்டி, பத்து நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. போர்டுல ஒட்டத்தான் அடுத்த வாரம் ஆச்சு."

"ஆனால் அந்த வாக்கியம், 'போதிய முயற்சி'..."

"அது எப்பவும் போடறதுதான் சாப். பேர் மட்டும் மாத்துவாங்க." மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. டீ சாப்டுங்க."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் எழுத்தாளனுக்கே உரிய ஒரு துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவருடைய வேலை போயிருக்கிறது, ஒரு குதிரையின் கால் போயிருக்கிறது, நான் கேட்டது இது: "அப்படியானால் அந்தக் கடிதத்தை அங்கே யாருமே படிக்கவில்லையா?"

ஜாக்கி மறுபடியும் டீயை ஆற்றத் தொடங்கினார். சைஸ் கையிலிருந்த பன் துணுக்கைத் தூர எறிந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

"ஆபீஸ்ல சேர்ற பேப்பரெல்லாம் லாயத்துக்கு வந்துடும்ண்ணா. நறுக்கிப் போட்டா குதிரைக்கு மெத்தை. உன்து மூணு பக்கம்தானே? ஒரு குளம்புக்குக்கூட வராது."