ஏற மறுத்த கண்ணாடி

போன வருஷம் ஐப்பசி மாசம், கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோட்டில் நடந்தது இது.

கள்ளக்குறிச்சியில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு பழைய சின்ன கார் வாங்கி, நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆரம்பத்தில், இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களில் என் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் உண்டு.

நாத்தனாருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாசம் நிறையாமலே பிறந்துவிட்டதால் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பிறகு எங்கள் வீட்டிலேயே வைத்துத் தேற்றினோம். ஒருவழியாக உடம்பு தேறியதும், அப்பா வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் நெஞ்சு இன்னும் பலமில்லை, குளிர்காற்றும் ஈரமும் படவே கூடாது என்று திரும்பத் திரும்ப எச்சரித்தார். நாத்தனார் வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருப்பது வெள்ளிமலையில். கார்த்திகை பிறந்துவிட்டால் மலையில் பனியும் சேர்ந்துகொள்ளும் என்பதால் அதற்குள் நல்ல நாள் பார்த்தார்கள். பஸ் கூட்டத்தில் வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

கிளம்பும்போது நல்ல வெயில். மலை ஏறி சில வளைவுகள் திரும்பியதுமே நாத்தனாருக்குத் தலை சுற்றியது. பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவள் கண்ணாடியை முழுசாக இறக்கினாள். அப்படியும் அடங்கவில்லை. நான் ஓரங்கட்டி நிறுத்தினேன். குழந்தையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு இறங்கி வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கண்ணாடியை ஏற்ற ஸ்விட்சை அழுத்தினாள்.

"அண்ணி, இது ஏறமாட்டேங்குது."

என் பக்கத்து ஸ்விட்சில் நானும் அழுத்திப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. வெளியே பார்த்தால், வெயில் போன இடம் தெரியவில்லை. எதிர்மலையை மேகம் மூடிவிட்டது. ஜில்லென்று காற்று உள்ளே வந்ததும் குழந்தை சிணுங்க ஆரம்பித்தாள்.

நாத்தனாரையும் குழந்தையையும் முன்சீட்டுக்கு மாற்றினேன். துணிப்பையைக் கிழித்து ஜன்னலில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். அடுத்த வளைவிலேயே காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மேலே போனாலும் கீழே இறங்கி ஊர் திரும்பினாலும் ஏறக்குறைய ஒரே தூரம். எனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால் போனில் சிக்னல் இல்லை.

"திரும்பிடலாம்மா. இன்னா ஆவுதோ ஆவட்டும்," என்றார் நாத்தனார் வீட்டுக்காரர். திரும்பினாலும் மழையில்தான் மாட்டுவோம். எனக்கும் பயம்தான். ஆனால் ஓட்டுகிற ஆளே பயந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு பாறை ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

முதலில் மற்ற மூன்று கண்ணாடிகளையும் இயக்கிப் பார்த்தேன். மூன்றும் ஏறி இறங்கின. அப்படியென்றால் ஃப்யூஸ் போகவில்லை. கோளாறு அந்த ஒரு கதவில்தான். ஸ்விட்ச் கெட்டிருக்குமோ என்று தோன்றியது. தையல் கத்தரி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். அதன் முனையால் நெம்பி, வலது பக்கக் கதவின் நல்ல ஸ்விட்சைக் கழற்றி இதில் மாட்டினேன். அப்போதும் அசையவில்லை. கதவைக் கையால் குத்திப் பார்த்தேன். உள்ளே மோட்டாரிடம் ஒரு முனகல்கூட இல்லை.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மோட்டார் போயிருந்தால் நான் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடந்ததை மறுபடி யோசித்தேன். கண்ணாடி ஒழுங்காகத்தானே இறங்கியது? அதற்கும் இதற்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். நாத்தனார் கதவைத் திறந்து மூடினாள். சட்டென்று என் கடை அயர்ன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. அதன் வயர் எப்போதும் கழுத்துப் பக்கம்தான் அறுந்துபோகும், மடங்கி மடங்கி நிமிர்கிற இடம் அதுதான். கதவுக்குப் போகிற வயரும் எங்கேயாவது மடங்கித்தானே ஆக வேண்டும்?

கதவைத் திறந்து கீல் பக்கம் பார்த்தேன். வண்டிக்கும் கதவுக்கும் நடுவில், யானைத் தும்பிக்கை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருந்தது. நாத்தனார் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஸ்விட்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கதவை மெதுவாக மூடித் திறந்தேன். பாதியில் வந்தபோது 'டர்ர்' என்று கண்ணாடி ஒரு விரல் அளவு ஏறி நின்றது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மோட்டாருக்கு உயிர் இருக்கிறது!

அதற்குப் பிறகு எப்படி ஆட்டியும் அது அசையவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த கடைசி இழையும் அறுந்திருக்க வேண்டும். சாவியை அணைத்துவிட்டு, ரப்பரை ஒரு பக்கம் இழுத்துக் கழற்றினேன். உள்ளே வயர்கள் கொத்தாக இருந்தன. ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே வந்தேன். சிவப்பு வயர் ஒன்று இரண்டு துண்டாகக் கையோடு வந்தது. அறுந்த இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது.

இரண்டு முனையையும் கத்தரியால் சீவினேன். அதற்குள் தூறல் என் கழுத்தில் விழ ஆரம்பித்துவிட்டது. அண்ணன் தன் துண்டை விரித்து எனக்கு மேலே பிடித்துக்கொண்டார். செம்பு இழைகளை இறுக்கி முறுக்கினேன். மேலே சுற்ற டேப் இல்லை. குழந்தையின் பையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்திரி இருப்பதாக நாத்தனார் சொன்னாள். அதையே கெட்டியாகச் சுற்றி ரப்பருக்குள் தள்ளினேன்.

சாவியைத் திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சை அழுத்தினேன். கண்ணாடி ஒரே சீராக மேலே ஏறி, 'டப்'பென்று மூடிக்கொண்டது.

நாத்தனார் என் ஈரக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இனி வீடு போகிறவரை அந்த ஸ்விட்சை யாரும் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மழை கொட்டித் தீர்த்தது. வைப்பர் ஓடியும் ரோடு மங்கலாகத்தான் தெரிந்தது. உருட்டிக்கொண்டேதான் போனேன். காருக்குள் மட்டும் கதகதப்பு. பாப்பா நன்றாகத் தூங்கிவிட்டாள்.

வெள்ளிமலையில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தவர்களிடம் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை குழந்தையைப் பற்றியது இல்லை.

"வண்டி ரிப்பேரு. வழியிலயே நம்ம தங்கச்சிதான் சரி பண்ணுச்சு. மழை ஒரு சொட்டு உள்ள வரல."

யாரோ ஆரத்தியை எனக்கும் சேர்த்துச் சுற்றினார்கள். கிரீஸும் துருவும் அப்பிய கையோடு, நனைந்த புடவையோடு, ஒரு ராணியைப் போல நின்றேன்.

மறுவாரம் ஊரில் மெக்கானிக் அந்த வயரை ஈயம் வைத்து முறையாக ஒட்டிக்கொடுத்தார். சொந்தக்காரர்கள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றால்கூட இப்போது முதல் போன் எனக்குத்தான் வருகிறது. எல்லாம் எனக்குத் தெரியும் என்று இல்லை. ஆனால் எது ஓடாமல் நின்றாலும், முடியாது என்று கைவிடுவதற்கு முன்னால் எங்கே அறுந்திருக்கிறது என்று பொறுமையாகத் தேடிப் பார்க்கலாம் என்கிற தைரியம், அந்த மலை ரோட்டில் எனக்கு வந்தது. அது இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.